நான்கறை வீட்டில் ஒரு காந்தாரம்

தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் ஆகிய நான்கு தந்திகளும் பஞ்சமத்தையும் ஷட்ஜத்தையும் மட்டுமே சொல்கின்றன. ஆனாலும் சுருதி கச்சிதமாகச் சேர்ந்துவிட்டால், மந்தரத் தந்தியை மீட்டிய சற்று நேரத்தில், யாரும் மீட்டாத ஓர் அந்தர காந்தாரம் தானே எழுந்து மேலே மிதக்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள் வித்வான்கள். அடிச்சுரத்தையும் சேர்த்து எண்ணினால், மந்தரத் தந்தி எழுப்பும் சுரங்களில் அது ஐந்தாவது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகியிருக்கும் ஜீவா நூலை ஒரு மயிரிழை தள்ளினால் வரும், இன்னொரு மயிரிழை தள்ளினால் போய்விடும். சர் சி.வி. ராமன் 1921இல் வீணை, தம்புரா இவற்றின் வளைந்த குதிரைகளை ஆராய்ந்து, மேற்கத்திய ஒலியியல் விதிப்படி வரக்கூடாத மேற்சுரங்கள்கூட இந்தக் கருவிகளில் வருகின்றன என்று எழுதினார். வளைவான அந்தக் குதிரையும் சின்ன நூலும் சேர்ந்து செய்யும் வேலை அது.

வீட்டில் நல்ல ஒலிக்கருவி வைத்துப் பாட்டுக் கேட்பதில் அப்படி என்ன கண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் காந்தாரத்தைத்தான் சொல்வேன். கைபேசியில் கேட்டால் தம்புரா வெறும் ரீங்காரம். தொலைக்காட்சியின் ஸ்பீக்கரில் அதுவும் இல்லை. சரியான ஆம்ப்ளிஃபயரும் சரியான இடத்தில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தால், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா முன்னே வருகிறது. நான்கு தந்திகளும் நான்காகவே கேட்கின்றன. அவற்றின் மேல் அந்தக் காந்தாரம் நிற்கிறது. சுருதிப் பெட்டி வைத்துப் பதிவு செய்த இந்தக் காலத்துத் தட்டுகளில் அதைத் தேட வேண்டாம். உண்மையான தம்புரா ஒலிக்கும் பழைய பதிவுகளில் தேடுங்கள்.

சிங்கப்பூரில் ஹை-ஃபை பித்துப் பிடித்தவர்களுக்குக் கோயில் என்றால் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் தி அடெல்ஃபி கட்டடம்தான். சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடைதூரம்; ஃபுனானுக்கு அடுத்தாற்போல. ஒரு காலத்தில் அடெல்ஃபி ஹோட்டல் இருந்த இடம். இப்போது மாடிக்கு மாடி ஒலிக்கருவிக் கடைகள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் கம்பளம் விரித்த அரையிருட்டு அறை, நடுவே ஒரு நாற்காலி. சின்னக் கார் விலையில் ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கும். வாங்க வந்தவரா, கேட்க மட்டும் வந்தவரா என்று பாராமல் உட்காரச் சொல்வார்கள். அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

உட்கார்ந்ததும் போடும் பாட்டு பெரும்பாலும் தெரிந்ததுதான். ஈகிள்ஸ் குழு 1994இல் நேரடி நிகழ்ச்சியில் வாசித்த அந்தப் பிரபலமான கிட்டார் பாட்டு வரும். அல்லது தைவான் பாடகி சாய் சின்னின் கனத்த குரலும் அதற்குப் பின்னால் அதிரும் முரசும் வரும். இரண்டும் அருமையான பதிவுகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய் நாம் கேட்கப்போவது அவற்றையா? நம்முடைய காது எதில் பழகியதோ அதை வைத்துத்தான் ஸ்பீக்கரை எடைபோட வேண்டும். கிட்டாரின் எஃகுத் தந்தி சற்றுக் கூராக ஒலித்தால் எனக்குத் தெரியாமல் போகலாம். மிருதங்கத்தின் சாப்பு பொய்யாக விழுந்தால் உடனே தெரிந்துவிடும்.

மிருதங்கம் பெரிய பரீட்சை. ராமன் 1920இலேயே அதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியிருக்கிறார். சாதாரண முரசின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் தாறுமாறாக வரும், அதனால்தான் முரசுக்கு இசைச் சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசிய கருப்புக் கரணை அந்த மேற்சுரங்களை இழுத்து ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்தைப் போல ஸ்வரம் சொல்ல வைக்கிறது என்று விளக்கினார். ஆகவே நல்ல ஸ்பீக்கரில் மிருதங்கம் தாளம் மட்டும் போடாது, சுருதியோடு பேசும். வலந்தலையின் தோல்களுக்கு நடுவே சன்னமான குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். பொடிக்கல் இட்டால் கப்பி மிருதங்கம். குச்சியில் ஒரு கரகரப்பான தெளிவு இருக்கும், கப்பியில் நாதம் உருண்டு வரும். இந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறதா? முடிந்தால், அந்த ஸ்பீக்கரின் மேல்ஸ்தாயி நேர்மையானது.

இடந்தலை, அதாவது தொப்பி, இன்னும் கடினம். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவே அப்புவார்கள், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈர ரவைதான் தொப்பியின் கனம். அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி இழுக்கும்போது அடியிலிருந்து மேல்நோக்கி வளைந்து ஏறும் ஒலியே கும்கி. ஒரு நொடிகூட நீடிக்காது. ஆனால் அதற்குள் ஒரு தொடக்கம், ஒரு வளைவு, ஒரு முடிவு எல்லாம் இருக்கும். மட்டமான ஸ்பீக்கரில் ‘தும்’ என்று ஒரு மொத்தல் கேட்கும், அவ்வளவுதான். பெருமைக்கு வாங்கிய பெரிய சப்-ஊஃபரில் மொத்தல் இன்னும் பெரிதாகக் கேட்கும். நல்ல ஸ்பீக்கரில் அந்த வளைவு கேட்கிறது. கை தோலை விட்டு விலகும் கணமும் கேட்கிறது.

தோ பாயோவில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் இருப்பவை ஓர் அடிக்குமேல் உயரமில்லாத இரண்டு சின்னப் பெட்டிகள். “பெரிசு வாங்கியிருக்கலாமே சார்?” என்று யாராவது கேட்டால், “தம்பி, இங்கே யாருப்பா கல்யாண மண்டபம் கட்டி வச்சிருக்கா?” என்பார். அந்தப் பெட்டிகள் எல்எஸ்3/5ஏ வகை. பிபிசியின் பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்தவை. வண்டிக்குள் இடம் இல்லை; ஆனால் அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஆகவே மனிதக் குரல் என்ற ஒன்றையே குறியாக வைத்து, மெல்லிய பலகையில் பெட்டி செய்து, உள்ளே அதிர்வைத் தணிக்கும் பட்டைகளை ஒட்டி, ஸ்டூடியோவில் பேசுபவரின் நேரடிக் குரலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். ரோஜர்ஸ் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்று விற்க, அது ஐம்பது ஆண்டு கடந்தும் மதிப்புக் குறையாமல் நிற்கிறது. வண்டிக்குச் செய்தது நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்துவிட்டது.

அதில் எம்.டி. ராமநாதனைக் கேட்க வேண்டும். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் இருந்தவர், 1984இல் மறைந்தார். கர்நாடக சங்கீதத்தில் அத்தனை தாழ்ந்த குரல் அரிது. சாதாரண ஸ்பீக்கரில் அவர் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மரத்தன்மையோடு ஒலிக்கும். பெட்டியின் பலகைகளும் கூடவே பாடுவதால் வரும் கோளாறு அது. குரலுக்காகவே வடித்த பெட்டியில் அந்த அடிக்குரல் மார்பிலிருந்து வருவது தெரிகிறது. அவர் அவசரப்படாதவர். ஒரு சங்கதிக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமாக இடம் விடுவார். அந்த இடைவெளிகளில்தான் தம்புராவைக் கேட்கலாம். விளம்ப காலத்தின் அழகு முழுவதும் அந்த இடைவெளிகளில் இருக்கிறது என்பது என் துணிபு. இரைச்சலான கருவியில் கேட்பவருக்கு அவை வெறும் காத்திருப்பாகப் படும். ராமநாதன் மந்தமாகப் பாடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மேல்நாட்டு ஆடியோஃபைல்களுக்கு ஓர் அளவுகோல் உண்டு. மைக்கே இல்லாத கச்சேரி மண்டபத்தில் கேட்ட ஒலிக்கு எவ்வளவு கிட்டத்தில் ஸ்பீக்கர் வருகிறது என்று பார்ப்பார்கள். நமக்கு அந்த அளவுகோல் கைநழுவிப் போய்விட்டது. சபாக்களில் மைக் இல்லாத கச்சேரி மிக அரிது. வயலினும் மிருதங்கமும் கூட்டத்தின் தலைக்குமேல் தொங்கும் ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வருகின்றன. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றது எவ்வளவு நியாயம் என்பது, நல்ல பதிவொன்றை வீட்டில் அமைதியாகக் கேட்கும்போது புரிகிறது. மிருதங்கத்தின் மெல்லிய சொற்கள் மைக்கில் பெருத்துவிட்டால் அவற்றின் மென்மையே போய்விடும்.

சிங்கப்பூரில் அந்த அளவுகோலை மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலிலோ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலோ பூஜை வேளையில் நாகஸ்வரமும் தவிலும் ஒலிக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். ஆச்சா மரத்துக் குழலில் சீவாளி எழுப்பும் அந்தச் சுடர்ந்த ஒலியும், வலக்கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் தவிலின் வெடிப்பும் காதில் பதியட்டும். அதுதான் கலப்படமில்லாத ஒலி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மேலே நான் புகழ்ந்த சின்னப் பெட்டியால் தவிலைச் சொல்ல முடியாது. அந்த வேகத்துக்கும் வலிமைக்கும் அது ஈடுகொடுக்காது. ஈடுகொடுக்கும் பெட்டியை வீவக வீட்டில் அதன் உண்மையான அளவில் முழக்கினால் அண்டைவீட்டார் பொறுக்கமாட்டார்கள். தவிலைக் கோயிலில் கேட்போம், குரலை வீட்டில் கேட்போம்.

அறையையும் ஒரு கருவியாகவே எண்ண வேண்டும். கான்கிரீட் சுவர், பளிங்குத் தரை, கண்ணாடிச் சன்னல் உள்ள நம் கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். கைதட்டலுக்குப் பின் ‘ட்ர்ர்’ என்று ஓர் அதிர்வு ஓடும். அதே அதிர்வு பாடகரின் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்கிறது. தரையில் ஒரு கம்பளம், சன்னலுக்குக் கனமான திரை, சுவரோரம் புத்தக அலமாரி இருந்தால் பாதி பழுது தீரும். தாழ்ந்த ஒலிகள் இதற்குக் கட்டுப்படாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 3 மீட்டர் அகல அறையில் 57 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி இரு சுவர்களுக்கும் நடுவே சரியாகப் பொருந்தி நின்று முழங்கும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் முழக்கம் பெருகும். சுவரை விட்டுச் சற்று முன்னே இழுத்து வைத்தால், கும்கி தன் அளவுக்குத் திரும்பிவிடும். இதற்குக் காசு செலவில்லை. ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டிக் கேபிள் வாங்கும் அன்பர்களிடம், முதலில் ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது நேரம். இரவு 10.30க்கு மேல் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது வீவகவின் நெடுநாள் அறிவுரை. குறைத்தால் பாட்டு சோகையாகிவிடுகிறதே என்று பலர் வருந்துவார்கள். அது காதின் இயல்பு. ஒலி குறையக் குறையத் தாழ்ந்த ஸ்வரங்கள்தாம் காதுக்கு முதலில் மங்கும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ பொத்தான் இருப்பது அதற்காகவே. இரவில் ஸ்பீக்கருக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்பதும் நல்ல வழி. அறையின் குறுக்கீடு அப்போது குறைந்துவிடும். ஹெட்ஃபோன் பிரியர்களுக்கும் இந்த ஊரில் குறைவில்லை. 2016 முதல் கேன்ஜாம் ஹெட்ஃபோன் கண்காட்சி இங்கே நடக்கிறது.

ஸ்டீரியோவின் அற்புதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில், பாடகர் வந்து நிற்கிறார். பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், உட்சுவரில் இடப்பக்க ஒலியும் வெளிச்சுவரில் வலப்பக்க ஒலியும் 45 பாகைச் சரிவில் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் ஏறக்குறைய இரண்டு கிராம் பாரத்தோடு ஓடும் ஊசி, இருபக்கச் சேதியையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. ஸ்டீரியோ தட்டுகள் 1958இல் கடைக்கு வந்தன. தமிழ்த் திரைப்பாட்டுக்கு அது வந்து சேர இருபது ஆண்டாயிற்று. முதன்முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று போற்றப்படுபவை ‘பிரியா’ படத்தின் பாடல்கள். சுஜாதாவின் கதை, எஸ்.பி. முத்துராமனின் இயக்கம், இளையராஜாவின் இசை, 1978ஆம் ஆண்டு. படத்தின் பெரும்பகுதி நடப்பது சிங்கப்பூரில். இந்த ஊரைப் புகழ்ந்து யேசுதாஸ் பாடும் ஒரு பாட்டும் உண்டு.

அதே காலத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் தவறாமல் ஒரு நேஷனல் பானசோனிக் ‘டூ-இன்-ஒன்’ ரேடியோ-கேசட் பெட்டி வாங்கிப்போனார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்துத் திண்ணைகளில் அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்தது. அவற்றுள் பல ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகள். அதனால் ‘பிரியா’ பாடல்களின் இடமும் வலமும் தனித்தனியே என்ன சொல்கின்றன என்பது அன்றைக்கு அவற்றை உருகி உருகிக் கேட்டவர்களில் பலருக்கு எட்டவேயில்லை. இப்போது இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து கேட்கும்போது, நாற்பது ஆண்டுக்கு மேலாக மனப்பாடமான பாட்டில் புதிதாக ஒரு வாத்தியம் புறப்பட்டு வருகிறது. மனப்பாடமாகிவிட்ட பாட்டைப் போல நல்ல சோதனைத் தட்டு வேறில்லை.

இளையராஜாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘ஹவ் டு நேம் இட்?’ தனியாகக் கேட்க வேண்டியது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது, வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஓர் உருப்படி. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னுரைப் பகுதி முன்னால் ஓடுகிறது. இளையராஜா எழுதிய தந்தி வாத்தியங்கள் அதோடு வாதாடியும் ஒத்துப்போயும் கூடவே வருகின்றன. மோசமான கருவியில் இது வயலின் கூட்டத்தின் பரபரப்பு மட்டுமே. நல்ல கருவியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரல் நீட்டிச் சொல்லலாம். பாக்கின் வரி எது, ராஜாவின் வரி எது என்று பிரித்து, பிறகு பிரிக்காமல், இரண்டு விதமாகவும் கேட்க முடிகிறது.

இத்தனை சுகத்துக்கும் பகை இந்த ஊர்க் காற்று. ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் ஈரப்பதத்தில் இசைத்தட்டுகள் பூஞ்சை பூக்கின்றன, டர்ன்டேபிளின் ரப்பர் பெல்ட் பிசுபிசுக்கிறது, பழைய ஊஃபரின் விளிம்பு நுரைப்பஞ்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. கேமராக்காரர்களைப் போல டிரை கேபினட் வைத்திருக்கும் தட்டுப் பிரியர்களை எனக்குத் தெரியும். தட்டை நிற்கவைத்துத்தான் அடுக்க வேண்டும், படுக்கப்போட்டால் வளையும். சுத்தம் செய்யும்போது பள்ளத்தின் போக்கில் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது.

வீடு மாறும்போதும் பெரியவர்கள் காலமான பிறகும் தட்டுகளும் கேசட்டுகளும் கீழ்த்தளக் குப்பைத் தொட்டி ஓரம் வைக்கப்படுவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. முன்பு அவற்றுக்குச் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை என்று ஒரு தங்குமிடம் இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தார்பாய் விரித்து, பழைய எச்எம்வி தட்டும் உடைந்த ரேடியோவும் அருகருகே விற்றார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. ஆகையால் உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்துவிட்டுப்போன தட்டுப் பெட்டி இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய துணியால் துடையுங்கள், ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், கேட்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுங்கள். அந்தப் பதிவுகளில் பல இன்னும் எந்தச் செயலியிலும் ஏறவில்லை.